இழுத்துக்கொண்டு போன வீடு

எங்கள் தெருவில் மிஸ் என்றால் ஒருவர்தான். செம்பாக்கத்தில் ஏரிப் பக்கம் போகும் தெரு அது. எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவருடையது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஆப்பிரிக்காவில் எந்த ஆறு எங்கே புறப்பட்டு எந்தக் கடலில் போய் விழுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அந்தத் தூக்கத்தைத் தன் வீட்டுக் கட்டிலைத் தவிர வேறு எங்கேயும் அவர் தூங்கியதில்லை.

நான் கூட்டிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கூட்டிச் சொல்வது என் வழக்கம்தான், ஆனால் மிஸ் விஷயத்தில் அதற்கு இடமே இருந்ததில்லை. திருச்சியில் அவருடைய தம்பி மகளுக்குக் கல்யாணம். அதிகாலை ரயிலைப் பிடித்துப் போனார், திருப்பலியில் உட்கார்ந்தார், பெண்ணுக்கு நெற்றியில் சிலுவை போட்டார், பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டுக் கைகழுவிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். இன்னொரு முறை காய்ச்சலுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் இரண்டு நாள் இருக்கட்டும் என்றார். இருட்டுவதற்குள் ஆட்டோவில் வந்து இறங்கினார் மிஸ். புறங்கையில் டிரிப்ஸ் ஊசி பிளாஸ்திரியோடு அப்படியே இருந்தது.

ஏரி நிரம்பித் தெருவுக்குள் வந்த வருஷம் நாங்கள் தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன்பே மச்சினன் வீட்டுக்கு ஓடிவிட்டோம். மிஸ் போகவில்லை. கட்டிலின் கால்களுக்குக் கீழே ஹாலோ பிளாக் வைத்து உயர்த்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். படகில் வந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கெஞ்சியிருக்கிறார்கள். "நான் நல்லாத்தான் இருக்கேன். பால் பாக்கெட் இருந்தா குடுத்துட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒருநாள் காரணம் கேட்டேன்.

"காலைல கண் முழிச்சதும் நான் எங்க இருக்கேன்னு ஒரு செகண்ட் கூட யோசிக்கக் கூடாது, தம்பி. எனக்கு அது பயம்" என்றார்.

உலக வரைபடத்தில் எதைக் கேட்டாலும் விரல் வைக்கும் ஒரு மனுஷி இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்காததால் நானும் அடக்கிக்கொண்டேன்.

மிஸ் வெளியே கிளம்புவது ஒரு சடங்கு. ஒவ்வொரு அறையாகப் போய் எல்லா ஸ்விட்சையும் அணைப்பார். மெயினையும் அணைப்பார். கேட்டைப் பூட்டுவார். பூட்டைப் பிடித்து ஒருமுறை தொங்கிப் பார்ப்பார். பிறகு எங்கள் வாசலைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "சாயந்திரம் வந்துடுவேன்." காம்ப் ரோட்டுக்குக் கறிகாய் வாங்கப் போனாலும் அதுதான், திருச்சிக்குப் போனாலும் அதுதான்.

இந்தக் கதையில் என் பங்கு எப்படி வந்தது என்றால், நான் ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். வாங்கிய பிறகு நான் சகிக்க முடியாதவனாக ஆகிவிட்டேன் என்று என் மனைவி சொல்கிறாள். யாராவது பெட்ரோல் விலையைப் பற்றி முனகினால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். "கார் சார்ஜ்ல ஓடுது, நீங்க பேச்சுல ஓடுறீங்க" என்பாள் அவள்.

மிஸ்ஸுக்கு விழுப்புரத்தில் ஓர் அக்கா இருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அவருக்குப் படுக்கைதான். மாதம் ஒருமுறை மிஸ் காலை ரயிலில் போய்ப் பார்த்துவிட்டுச் சாயந்திரம் திரும்பிவிடுவார். அக்காவுக்கு அது போதவில்லை. சின்ன வயதில் விளக்கை அணைத்த பிறகு இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு பேசுவார்களாம். அந்த மாதிரி ஒரே ஒரு ராத்திரி பேச வேண்டும், பகலில் தனக்குப் பேச்சு வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். மிஸ் ஒன்றுக்கு இரண்டு முறை பையில் மாற்றுப் புடவையெல்லாம் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு முறையும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு உடம்பெல்லாம் உதறி, பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

இரண்டாவது தடவை ஓடி வந்த மறுநாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அழுதார்.

"அக்கா என்ன சொன்னா தெரியுமா? இனிமே தங்கறேன்னு மட்டும் சொல்லாதடீ, நான் நம்பிடறேன், அப்படின்னா."

மிஸ் அழுது நான் பார்த்ததில்லை. அந்த மாதிரி நேரத்தில் மற்றவர்கள் பேசாமல் இருப்பார்கள். நான் பேசினேன். முந்தின வாரம் போனில் பார்த்த ஒரு வீடியோ நினைவுக்கு வந்தது. எங்கோ வெளிநாட்டில் ஒரு தம்பதி மின்சாரக் காரின் பின்னால் ஒரு சின்ன வீட்டையே கொக்கியில் மாட்டி மலைமேல் இழுத்துப் போனார்கள். அந்த வீட்டுக்கும் தனி பேட்டரி, தனி மோட்டார்.

"வீட்டை விட்டுட்டு வரத்தானே முடியல, மிஸ்? வீட்டையே கூட்டிக்கிட்டுப் போயிடலாம். என் வண்டி இழுக்கும்" என்றேன்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையைத் தவிர்த்தேன். காரோடு வந்த கையேட்டில் எதை இழுக்கலாம், எதை இழுக்கக் கூடாது என்று ஒரு பக்கம் இருப்பது எனக்கு அப்போது தெரியாது. நான் கையேட்டையே திறந்ததில்லை.

நான் சொல்வதை அப்படியே நம்பிய ஒரே ஆள் மிஸ்தான். கூடுவாஞ்சேரியில் டிபன் வண்டிகள் கட்டும் பட்டறைக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்தார். நான் வீடியோவைக் காட்டினேன், அவர் தாடையைச் சொறிந்தார், மிஸ் அட்வான்ஸ் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: உள்ளே புதுக் கட்டில் கூடாது, வீட்டுக் கட்டில்தான் வரவேண்டும். அது பழைய தேக்குக் கட்டில். வண்டியின் சின்னக் கதவில் நுழையாது. ஆகவே அந்தப் பட்டறைக்காரர் கடைசி நாள் காலையில் கட்டிலை வாங்கி வைத்து, இருட்டுவதற்குள் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பினார். கட்டிலுக்கு அடியில் பேட்டரி, கூரையில் சோலார் தகடு. சக்கரத்தில் ஒரு மோட்டார். முன்னால் கார் இழுக்கும்போது பின்னால் இதுவும் தன் பங்குக்குத் தள்ளும், காருக்குப் பாரம் தெரியாது. என் காருக்குப் பின்னால் கொக்கி வைத்ததும் அவர்தான். கொக்கிக்கும் வண்டிக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்க நடந்த நடையைச் சொன்னால் அதுவே தனிப் புத்தகமாகிவிடும்.

வண்டி வந்து மிஸ் வீட்டு காம்பவுண்டுக்குள் நின்றது. வெள்ளைப் பெட்டி. பக்கவாட்டில் வீட்டு வாசலில் இருப்பது போலவே 'லூர்து இல்லம்' என்று எழுதி, கீழே பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதச் சொல்லியிருந்தார் மிஸ். மிஸ் சினிமாவில் நடிக்கப் போகிறார், அதற்குத்தான் கேரவன் என்று தெருவில் ஒரு பேச்சு. கட்டில் உள்ளே போய்விட்டதால் மிஸ் அன்றிலிருந்து அதற்குள்தான் படுத்தார். "பழகணும்ல" என்றார்.

நானும் பழகினேன். காலியாகக் கிடந்த லேஅவுட் ஒன்றுக்கு வண்டியை இழுத்துப் போய் ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தேன். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் வீடு வலப்பக்கம் போகிறது. வலப்பக்கம் திருப்பினால் காரும் வீடும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்ற பலகையைச் சாய்த்தேன். மிஸ் தூரத்தில் குடை பிடித்து நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வரைபடத்தை விரித்து, விழுப்புரம் வரைக்கும் எங்கேயும் ரிவர்ஸ் எடுக்கத் தேவைப்படாத ஒரு வழியைப் போட்டுக் கொடுத்தார்.

கிளம்புகிற அன்று தெருவே வாசலில் நின்றது. அக்காவுக்கு மிஸ் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. "சொன்னா நம்பிடுவா. போய் நின்னப்புறம் பாத்துக்கட்டும்" என்றார். வழக்கம்போல வீட்டுக்குள் போய் எல்லா ஸ்விட்சையும் அணைத்தார். பிறகு வண்டிக்குள்ளேயும் போய்விட்டு வந்தார். கேட்டைப் பூட்டி, பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்து, "சாயந்திரம் வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "நாளைக்குச் சாயந்திரம் வந்துடுவேன்" என்று திருத்திச் சொன்னார்.

ஜி.எஸ்.டி. சாலையில் ஏறியதும் பஸ்ஸில் போனவர்களெல்லாம் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். நான் முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டேன். வண்டலூர் மேம்பாலம் ஏறும்போது வண்டி முனகியது. மிஸ் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, வீடு வருதா?"

"வருது, மிஸ்."

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டினோம். "தம்பி, வீடு வருதா?" வருது. செங்கல்பட்டு தாண்டினோம். வருது. வீடு வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் சார்ஜ் போய்க்கொண்டிருந்தது. ஏசியை அணைத்தேன். பாட்டை அணைத்தேன். பாலாற்றுப் பாலத்தில் மிஸ்ஸுக்குத் தெரியாமல் வேகத்தையும் குறைத்தேன். மாட்டு வண்டி ஒன்று எங்களை முந்தவில்லை, அவ்வளவுதான். மேல்மருவத்தூர் பக்கம் சார்ஜ் போடும் வசதியுள்ள ஒரு ஓட்டலைப் பார்த்து உள்ளே திருப்பியபோது சார்ஜ் தீரப் போகிறது என்று திரையில் ஆமைப் படம் ஒன்று வந்து என்னைப் பார்த்தது.

அங்கே இரண்டு மிஷின். ஒன்று வேலை செய்யவில்லை. இன்னொன்றில் வரிசை. கார் நிறுத்தும் கட்டங்கள் கார் அளவுக்குத்தான் இருந்தன. மிஸ் வீட்டின் பின்பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ரிவர்ஸ் எடுக்க வேண்டும். மிஸ்ஸின் வரைபடத்தில் இது இல்லை. எனக்குப் பின்னால் வந்த டாக்சிக்காரர் இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். 'பழைய எண், புதிய எண்' என்று வாய்விட்டுப் படித்தார்.

"இன்னா சார் இது? ஊரே வூட்ட உட்டுட்டு டூர் போவுது, நீ வூட்டையே இழுத்துகினு வந்துகீற?"

"கொஞ்சம் கை கொடுங்கண்ணா."

"போஸ்ட்மேன் எங்க, பின்னாடி வர்றாரா?" என்றார். ஆனாலும் நாலு பேரைக் கூப்பிட்டார். கொக்கியைக் கழற்றி எல்லோருமாக வீட்டைத் தள்ளிக்கொண்டு போய் ரோட்டோரமாக ஒரு வேப்பமரத்தடியில் விட்டோம். மிஸ் கதவைத் திறந்து படியில் உட்கார்ந்து டீ குடிக்க ஆரம்பித்தார். தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற நிம்மதி அவர் முகத்தில்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. விழுப்புரம் போய்ச் சேரச் சாயந்திரம் ஆகிவிடும். அந்த வீட்டு கேட் இந்தப் பெட்டிக்குப் போதுமா என்றும் தெரியாது. ரகசியமாக அக்கா வீட்டுக்குப் போன் போட்டேன். அக்காவின் மருமகள் எடுத்தாள்.

"நான் மிஸ்ஸோட எதிர்வீட்டுக்காரன் பேசறேம்மா. மிஸ் விஷயமா. அம்மாகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம், அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம். என்னன்னா, இழுத்துக்கிட்டு இருக்கு. எப்படியும் சாயந்திரம் ஆயிடும். நீங்க..."

கேட்டைத் திறந்து வையுங்கள் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. காருக்குச் சார்ஜ் போட்டு ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவன் போனுக்குச் சார்ஜ் போட மறந்திருந்தேன், அதன் ஒயரையும் வீட்டிலேயே விட்டிருந்தேன்.

அந்தப் பக்கம் ரிசீவரில் அந்தப் பெண்ணுக்குக் கேட்டது என்னவென்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் ஊரில் 'இழுத்துக்கிட்டு இருக்கு' என்றால் என்ன அர்த்தம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதுவும் 'பக்குவமா' என்றும் 'சாயந்திரம் ஆயிடும்' என்றும் சேர்த்து.

வரிசை நகரவில்லை. மதியம் போய் வெயில் சாய்ந்தது. வண்டிக்குள் எதையோ துடைத்துக்கொண்டிருந்த மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கதவுக்குப் பக்கத்துல இந்தச் சிவப்பு ஸ்விட்ச் எதுக்கு? லைட் எதுவும் எரியல."

பட்டறைக்காரர் அதை எனக்குக் காட்டி, "சார், கிளம்பறதுக்கு முன்னாடி இது ஆன்ல இருக்கான்னு பாத்துக்குங்க, இதான் தள்ளுற மோட்டார்" என்று சொன்னது நினைவு வந்தது. எல்லாம் தெரிந்தவன் மாதிரி நான் தலையாட்டியதும் நினைவு வந்தது.

"மிஸ், நீங்க இதை ஆஃப் பண்ணீங்களா?"

"பின்ன? வீட்டை விட்டுக் கிளம்பறோம், ஸ்விட்சை அணைக்க மாட்டாங்களா?"

ஆக, செம்பாக்கத்திலிருந்து என் கார் அந்தத் தேக்குக் கட்டிலையும் நிறைந்த பேட்டரியையும் வெறும் சுமையாக இழுத்து வந்திருக்கிறது. பார்த்திருக்க வேண்டியது நான். வீட்டில் கரண்ட் ததும்புகிறது, காரில் சொட்டு இல்லை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தால் அழ வேண்டும் போலவும் இருந்தது. இன்றைக்கும் போய்ச் சேர மாட்டோமா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் விழுப்புரம் பக்கமிருந்து சென்னைக்குப் போகிற தடத்தில் வேகமாக வந்த ஒரு கார் எதிரில் சட்டென்று நின்றது. கொஞ்சதூரம் போய்த் திரும்பி, எங்கள் பக்கம் வந்து வேப்பமரத்தடியில் பிரேக் போட்டது. இறங்கியவர் அக்காவின் மகன். கண்கள் சிவந்திருந்தன. மிஸ்ஸைப் பார்த்ததும் கார் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தார்.

"சித்தி... லூர்து இல்லம்னு போர்டைப் பாத்தேன்... நீங்க..."

பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவில் படுத்திருந்த அக்கா தலையைத் தூக்கினார். மருமகள் விஷயத்தைப் பக்குவமாகத்தான் மறைத்து வைத்திருக்கிறாள், ஆனால் அவள் மூக்குச் சிந்தியதை அக்கா கேட்டுவிட்டார். ஆம்புலன்ஸ் வேண்டாம், டாக்டர் வேண்டாம், என்னை இப்பவே அவகிட்ட கொண்டுபோ என்று மகனை விரட்டியிருக்கிறார். மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழாத மனுஷி.

"ஏண்டி, உனக்கு இழுத்துக்கிட்டு இருக்குன்னாங்களே!"

"யாரு சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்சிக்காரரும் பார்த்தார். "வண்டியைச் சொன்னேங்க, வண்டியை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மிஸ் காருக்குள் தலையை நீட்டி அக்காவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். "அடக்கப் பூசை, பூ எல்லாம் சொல்லிட்டு வந்தாண்டி இவன்" என்று அக்கா மகனைக் காட்டிச் சொன்னார். "அத்தனையும் வேஸ்ட்டு" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

அக்காவுக்குக் காரில் மடங்கிப் படுத்து வந்ததில் இடுப்பு விண்விண்ணென்று வலித்தது. கொஞ்ச நேரம் நீட்டிப் படுக்கட்டும் என்று டாக்சிக்காரரும் நாங்களும் தூக்கி வண்டிக்குள் மிஸ்ஸின் கட்டிலில் படுக்க வைத்தோம். படுத்தவர் கட்டிலின் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். அது அவர்கள் அம்மாவின் கட்டிலாம். எனக்கு அதுவரை தெரியாது.

பொழுது சாய்ந்தது. காருக்குச் சார்ஜ் ஏறியிருந்தது. கிளம்பலாம், ஆனால் ஓடுகிற வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது, அம்மாவை மறுபடி காருக்கு மாற்ற வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன்.

"என்னை யாரும் தொடாதீங்க" என்றார் அக்கா. "நான் இங்கதான். இவ எங்க வீட்டுக்கு வந்தா ஓடிடுவா. இப்ப எங்க ஓடுவா? இது அவ வீடு."

மிஸ் கதவில் கையை வைத்தபடி நின்றார். அவர் உடம்பு உதறுகிறதா என்று நான் பார்த்தேன். உதறவில்லை. உள்ளே போனார், அக்காவுக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டார், எங்களைப் பார்த்து, "நீங்க எல்லாம் சாப்பிட்டுட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளே ஸ்விட்ச் அணையும் சத்தம் கேட்டது.

காலையில் நானும் அக்கா மகனும் ஆளுக்கொரு காரில் கழுத்துப் பிடித்து எழுந்து வந்தபோது கதவு திறந்திருந்தது. அக்கா கட்டிலில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மிஸ் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே தரையில் ஒரு பாய் விரித்திருந்தது. தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு அவர் கீழே படுத்திருக்கிறார்.

"தூங்கினீங்களா, மிஸ்?"

"தங்கினேன், தம்பி. தூங்கல" என்றார். பரீட்சையில் காப்பியடித்து மாட்டாமல் தப்பித்த பிள்ளையின் சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்காக நான் அந்த வீட்டைக் கன்னியாகுமரி வரைக்கும் ரிவர்ஸிலேயே இழுத்திருப்பேன்.

அக்கா அந்த வருஷமே போய்ச் சேர்ந்தார். மிஸ் காலை ரயிலில் போனார், மண் போட்டார், சாயந்திரம் வந்துவிட்டார். வண்டி அதற்குப் பிறகு காம்பவுண்டை விட்டு எங்கும் போகவில்லை. கூரையிலிருந்த தகட்டில் வரும் கரண்டை எங்கள் காருக்கும் தருவார். கயிற்றில் கட்டிய மாடு மாதிரி கார் அவர் கேட்டில் நிற்கும். தெருவில் யாராவது வண்டி வாங்கினால், "எதிர்வீட்டுத் தம்பியைக் கேளுங்க, எல்லாம் தெரியும், ஆனா போன் பேச மட்டும் விடாதீங்க" என்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். நான் ஆபீசில் இருந்தேன். என் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க... மிஸ் போயிட்டாங்க."

"எங்க?" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது.

"எங்க போனாலும் சாயந்திரம் வந்துடுவாங்களே" என்றேன்.

அந்த ஒருமுறை அவள் என்னைத் திட்டவில்லை.